அனுமதி கேட்ட மறியல்

ஆமாங்க அம்மிணி, அது என்ற கையெழுத்தேதான். எல்லாத்துக்கும் மேல இருக்குதே, அது. கோழி கிண்டுனாப்புல இருக்குதேன்னு பாக்கறீங்க. இருவது வருசம் போர்வெல் வண்டியில பைப்பு தூக்குன கை, வேற எப்புடி இருக்கும்? எழுதிக்கங்க. செங்கோடன், தகப்பனாரு பேரு சென்னியப்பன், வயசு அம்பத்தாறு. இப்ப நாலு ஏக்கரா மரவள்ளிக் காடு. ரண்டாவது கையெழுத்து முத்தாயம்மா, என்ற ஊட்டுக்காரி. உங்குளுக்கு டீ குடுத்துட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனாளே, அவதான். கூப்பிடட்டுங்களா? அப்பறமாவா? செரிங்க.

ஏனுங்க, அம்மிணின்னு கூப்புட்டா எஸ்ஐக்குக் கோவம் வருமுங்களா? வராதா. பேட்ஜுல உஷாராணின்னு போட்டிருக்குது. ஆனா போலீசப் பேரு சொல்லிக் கூப்படற தைரியம் நமக்கில்லீங்க. மேடம்னு சொன்னா என்னமோ பேங்க்ல லோன் கேக்கறாப்புல இருக்குது. அம்மிணியே இருக்கட்டும்.

சிரிங்க, பரவால்ல. சேலத்துல உங்க சைபர் ஆபீசுல எல்லாரும் இந்தக் காயிதத்தப் பாத்துச் சிரிச்சிருப்பீங்க. வெப்சைட்ட மொடக்கறவன் ஒளிஞ்சுக்குவானாமே. பேர மாத்துவானாம், ருஷியாவுலருந்து பண்ணுனாப்புல காட்டுவானாம். நாங்க என்னடான்னா, ஐயா, வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி முதல் பகல் ஒரு மணி வரை மேற்படி இணையதளத்தை அமைதியான முறையில் முற்றுகையிட உள்ளோம், தக்க அனுமதியும் பாதுகாப்பும் வழங்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்னு எழுதி, அறுவத்திமூணு பேரு கையெழுத்துப் போட்டு, ஆதார் நகலும் வெச்சு, டேசன்லயே கொண்டு போயிக் குடுத்தோம்.

பாதுகாப்பு எதுக்குன்னா கேக்கறீங்க? அது எப்பவும் அப்புடித்தானுங்களே எழுதறது. உண்ணாவிரதத்துக்கும் அதேதான், மறியலுக்கும் அதேதான். பழைய காயிதத்துல சாலைங்கற எடத்துல இணையதளம்னு மாத்துனோம், அவ்வளவுதான். ஏட்டய்யா முழுசாப் படிச்சுப் பாத்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாரு. ஏப்பா, ரோட்டுக்கு வர மாட்டீங்கல்லன்னு. இல்லீங்க, அவங்கவங்க ஊட்டுலருந்தேதான்னேன். அப்ப ரொம்ப நல்லதுன்னு சீல் குத்திக் குடுத்துட்டாரு. அந்தச் சீல்தான் இப்ப எங்க அறுவத்திமூணு பேருக்கும் தூக்குக் கயிறுங்கறீங்க. அவரு மேல தப்பு இல்லீங்க. பாவம், ரிட்டையர் ஆவற வயசு.

மொதல்லருந்து சொல்லோணுமா? சொல்றேன். அம்மாபேட்டைதான பொறந்த ஊரு உங்குளுக்கு? அப்பவே நெனச்சேன். தறிக்காரங்க ஊட்டுப் புள்ளைக்கு நூலப் புடிச்சுப் போறதுக்கா சொல்லித் தரோணும். ஆனா இது கொஞ்சம் சிக்குப் பட்ட நூலு. பொறுமையாக் கேளுங்க.

சர்க்காருல எங்கூருல இரநூறு ஏக்கரா எடுத்துத் தொழிற்பேட்டை கட்டறோம்னாங்க. வேண்டாம்னோம். சட்டப்படி எங்ககிட்டக் கருத்துக் கேக்கோணுமாமா. கல்யாண மண்டபத்துல கூட்டம் போட்டாங்க. அதிகாரி வந்து மைக்கப் புடிச்சாரு. நாங்க எந்திரிச்சுக் கத்துனோம், நாற்காலியத் தலைக்கு மேல தூக்குனோம். எறியலீங்க, தூக்குனதோட சரி. அவரு கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாரு, பைலக் கட்டுனாரு, போயிட்டாரு. கூட்டம் ஒத்திவைப்பு. ஆறு மாசம் சத்தமே இல்ல. மறுக்காவும் வந்தாங்க, மறுக்காவும் நாற்காலி, மறுக்காவும் ஒத்திவைப்பு. கூட்டம் நடக்க உடாமப் பண்ணுனா கூட்டம் நடக்கலைன்னு ஆகுது, நடக்கலைன்னா நெலத்தத் தொட முடியாது. இத்தனதான் நாங்க படிச்ச சட்டம்.

கைது பண்ணாம இருப்பாங்களா? பண்ணுனாங்க. வேன்ல ஏத்தி வேற ஒரு மண்டபத்துல வெச்சு, மத்தியானம் தக்காளி சாப்பாடு, ஊறுகா, சாயங்காலம் ஆறு மணிக்கு வெளிய. எங்க பொன்னாயி அக்கா கைதாவற அன்னைக்கு ஊட்டுல ஒலையே வெக்காது. போலீஸ் மண்டபத்துச் சாப்பாட்டுக்கு உப்பு செரியா இருக்கும்னு சர்ட்டிபிகேட் வேற. நீங்க சிரிக்கறீங்க, ஆனா அது ஒரு ஒப்பந்தமுங்க. நாங்க சட்டத்த மீறறோம்னு எங்குளுக்குத் தெரியும், உங்குளுக்கும் தெரியும். ஒரு நாள் எங்களப் புடிச்சு வெக்கறீங்க, நாங்க உக்காந்திருக்கறோம். ரண்டு பேரு மரியாதையும் கெடாது.

மூணாவது தடவை அவங்க உசாராயிட்டாங்க. கூட்டமே கெடையாது, எல்லாம் ஆன்லைன். ஒரே ஒரு நாளு, செவ்வாக்கிழமை, காலைல ஒம்போதுலருந்து ஒரு மணி வரைக்கும் வெப்சைட்டுல போயி, சம்மதமா ஆட்சேபமான்னு பதிவு பண்ணோணுமாமா. இப்ப நாற்காலிய எங்க போயித் தூக்கறது?

அப்பத்தான் தமிழரசு சொன்னான். லாரி ஓட்டறவன், ஊரு ஒலகம் சுத்துனவன். பன்னெண்டாவது ரிசல்ட்டு அன்னைக்கு எல்லாரும் ஒண்ணா அமுத்துனா வெப்சைட்டு எப்புடிச் சுத்திக்கிட்டே நிக்குது, அதாட்ட நாமளும் ஒரே நேரத்துல அமுத்துவோம், படுத்துரும், படுத்துட்டாக் கூட்டம் நடக்கலைன்னுதான அர்த்தம்னான். எல்லாருக்கும் புடிச்சுப் போச்சு. எனக்கும் புடிச்சுது. நாந்தான மொத ஆளு.

நர்மதா மட்டும் ஒத்துக்கல. உங்க நோட்டுல வட்டம் போட்டு வெச்சிருக்கறீங்களே, அதே நர்மதாதான். எங்கூருல இ-சேவை மையம் நடத்தற புள்ள. புருசன் போனதுக்கப்பறம் அந்த மூணு கம்ப்யூட்டரையும் ஒரு மகளையும் வெச்சுப் பொழைக்கறவ. அண்ணா, இது ரோடு மறியலாட்ட இல்ல, இதுக்குத் தனிச் சட்டம் இருக்குது, அறுவத்தாறாம் பிரிவு, மூணு வருசம் உள்ள வெப்பாங்கன்னா. ரோட்ட மறிக்கறதும் குத்தந்தான புள்ள, அதுக்கென்ன பூமாலையா போடறாங்கன்னு நான் மடக்குனேன். ரோட்டுல ஆம்புலன்சு வந்தா வழி உடுவீங்க, இதுல யாருக்குண்ணா வழி உடுவீங்க, எங்கியோ ஒருத்தரு அவசரமா ஒரு மனு போட வந்திருப்பாரு, அவரு மூஞ்சி உங்குளுக்குத் தெரியுமான்னா. எனக்குச் சுருக்குன்னுதான் இருந்துது. ஆனா கூட்டத்துல பதில் இல்லைன்னா சிரிச்சு வெக்கோணுமில்ல? சிரிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க.

இன்னொண்ணும் சொன்னா. எல்லாரும் என்ற கடைக்கு வாங்க, அறுவத்திமூணு ஆட்சேபத்தையும் நானே காசில்லாம ஏத்தித் தாரேன்னா. அதுக்கு நான் சொன்னதத்தான் இப்ப நெனச்சாக் கூசுது. ஏத்துனா என்ன புள்ள ஆகும், அறுவத்திமூணையும் ஒரு பைல்ல போட்டுக் கட்டி வெச்சுருவான், நாற்காலியத் தூக்குனாத்தான் எந்திரிச்சுப் போவான்னேன். அவ கையெழுத்துப் போடல. நல்லாப் பாருங்க, அறுவத்திமூணுல அவ பேரு இருக்காது.

அதுக்கெதுக்குப் பேரும் கையெழுத்தும்னா கேக்கறீங்க? கமுக்கமாச் செஞ்சிருக்கலாமேங்கறீங்க. போலீசே இப்புடிச் சொல்லித் தரலாமுங்களா? அது எங்குளுக்கு வராதுங்க. மறியல்னா மூஞ்சி தெரியோணும். மூஞ்சியக் காட்டாமக் கல்லெறிஞ்சுட்டு ஓடறவனப் போராளின்னா சொல்லுவோம்? இன்ன ஊரு, இன்னாரு மகன் உன்னைய மறிக்கறேன்னு சொல்லீட்டு மறிக்கோணும். இதுல நாங்க கம்ப்யூட்டருக்கு ஏத்தாப்புல மாறல. கம்ப்யூட்டர எங்க பழக்கத்துக்கு இழுத்துட்டு வந்துட்டோம்.

அன்னைக்கு ஒம்போதுலருந்து பத்தரை எமகண்டம். நல்ல காரியத்த அதுல தொடங்கக் கூடாதுன்னு பொன்னாயி அக்கா கண்டிசனாச் சொல்லிப் போடுச்சு. அதுனாலதான் காயிதத்துல பத்தரைன்னு போட்டது. ஆளாளுக்குச் சிக்னல் கெடைக்கற எடத்துக்குப் போனாங்க. தண்ணி டேங்க் படியில நாலு பேரு, பால் சொசைட்டி பக்கம் ஒரு கூட்டம், பொன்னாயி அக்கா பேரனோட போன வாங்கீட்டு வந்து ரண்டு கையிலயும் புடிச்சுக்கிட்டு நின்னுது. தமிழரசு விசிலடிச்சான். அமுத்துனோம். படுத்துருச்சுங்க. ஒரே அமுத்து. வட்டம் சுத்துது சுத்துது, சுத்திக்கிட்டே இருக்குது. டேங்க் மேலருந்து ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க, கொல்லிமலை அடிவாரம் வரைக்கும் கேட்டிருக்கும். வெடி வெடிச்சாங்க. எனக்குச் சால்வை போட்டாங்க.

அப்பறம் கைதாவறதுக்குக் காத்திருந்தோம். நெசமாத்தானுங்க. காயிதம் குடுத்திருக்கறோம், சொன்னாப்புல செஞ்சும் போட்டோம், வேன் வந்தாகோணுமில்ல? பொம்பளைங்க நல்ல சீலையாக் கட்டிக்கிட்டு வந்து நின்னாங்க. பன்னெண்டாச்சு, ஒண்ணாச்சு, ரண்டாச்சு. ஒரு போலீசும் வரல. கைதாவோம்னு ஒரு ஊட்டுலயும் சமைக்கல. எங்க போராட்ட வரலாத்துலயே பட்டினி கெடந்தது அன்னைக்குத்தான். டேசனுக்குப் போன் போட்டு ஏனுங்க வரலியான்னு கேட்டா, ஏட்டய்யா, ஏப்பா, ரோட்டுக்கு வந்துட்டீங்களான்னு பதறறாரு.

உங்குளுக்கு டீ ஆறிப் போச்சு. வேற வெக்கச் சொல்லட்டுங்களா? வேண்டாமா.

அஞ்சாம் நாளு நோட்டீஸ் வந்துது. குறித்த நாளில் ஆட்சேபம் எதுவும் வரப்பெறவில்லை, ஆகவே மேல் நடவடிக்கைன்னு. நாலு தடவை படிச்சேன். மண்டபத்துல நாற்காலியத் தூக்குனா, தூக்குனதப் பாக்கறதுக்கு எதுத்தாப்புல ஒரு மனுசன் இருந்தாரு. அவரு பயந்தாரு, எரிச்சப்பட்டாரு, எந்திரிச்சுப் போனாரு. வெப்சைட்டுக்கு எதுங்க கண்ணாடி, கழட்டித் தொடைக்கறதுக்கு? நாங்க அத்தன பேரு கத்துனது அங்க வெறுந்தாளாப் பதிவாயிருக்குது. பேசாம இருந்தவனுக்கும் ஒரே கணக்கு, தொண்டை கிழியக் கத்துனவனுக்கும் ஒரே கணக்கு. குத்தமா இல்லியாங்கறத நீங்க பாத்துக்கங்க. பிரயோசனமான்னு கேட்டா, இல்லீங்க. நர்மதா சொன்னாப்புல ஏத்தியிருந்தா, ஒரு பைலாவது இருந்திருக்கும், அதுல அறுவத்திமூணு பேரு கெடந்திருப்போம்.

அதுக்கப்பறம் உங்க கேசு. நெலம் எடுக்கற ஆபீசுலருந்து புகார், கூட எங்க காயிதம். செரி, நாயம்தான், கூப்புட்டா வாரோம். ஆனா நீங்க எங்களத் தேடி வரலியே. அறுவத்திமூணு போனு, அதுல பாதி டவர் இல்லாத போனு, இதுக்கெல்லாம் ஒரு சர்க்கார் வெப்சைட்டு படுக்காதுங்கறீங்க. எவனோ வெவரம் தெரிஞ்சவன் தனியாப் புரோக்ராம் போட்டிருக்கோணும், இந்த ஊருல வெவரம் தெரிஞ்சது நர்மதா ஒருத்திதான், அவ லைன்லருந்துதான் அன்னைக்கு எச்சாப் போயிருக்குது, திருப்பித் திருப்பி முந்நூறு தடவை. அப்புடித்தானுங்களே?

அவ எதுக்குப் போனான்னு நான் சொல்றேன். எங்ககூடச் சேராத ஏழெட்டுப் பேரு அவ கடைக்கு ஆட்சேபம் ஏத்தப் போயிருந்தாங்க. அது தெறக்கல. மறுக்கா மறுக்கா அமுத்தியிருக்கறா, ஒரு மணி வரைக்கும். ஊருக்குள்ள சட்டப்படி போகோணும்னு சொன்னவ அவ ஒருத்திதான், அவளத்தான் நீங்க வட்டம் போட்டிருக்கறீங்க. உள்ள போகோணும்னு தட்டுனாலும், ஒடைக்கோணும்னு தட்டுனாலும், கதவுக்குச் சத்தம் ஒண்ணுதானுங்களே அம்மிணி. உங்க மிசினு சத்தத்த எண்ணும். எதுக்குத் தட்டுனாங்கறத எண்ணுமா?

அது என்ற ஊகம், சாட்சி ஆகாதுங்கறீங்க. செரிதான். இன்னைக்கு அவள சேலத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போகோணும்னு முடிவு பண்ணித்தான் வண்டிய அவ கடை முன்னாடி நிறுத்தியிருக்கறீங்க. வரும்போது பாத்தேன். ஸ்கூல்லருந்து அவ மக வர்றதுக்குள்ள ஆளு சொல்லி வெக்கோணும்னு யாருக்கோ போன் பண்ணிக்கிட்டு இருந்தா. என்னையப் பாத்தா. பாத்துக்கிட்டே அடுத்த நம்பர அமுத்துனா.

நீங்க சொன்னீங்களே, அறுவத்திமூணு போனுக்குப் படுக்காதுன்னு. அதத்தான் நானும் இருவது நாளா ரோசிக்காம ரோசிச்சுக்கிட்டு இருக்கறேன். அது எங்குளுக்குப் படுக்கலீங்க. நாங்க அடிச்சது செத்த பாம்பு. பத்தரைக்கு முன்னாடியே அது படுத்துதான் கெடந்துது. அந்த ஆபீசுல உங்குளுக்குக் குடுத்த கணக்கு எத்தன மணிலருந்துங்க? பத்தரைலருந்தா? அதுக்கு முன்னாடிது கேட்டீங்களா? கேக்கல. கேளுங்க.

எனக்கெப்புடித் தெரியும்னா? நான் ஒம்போதே முக்காலுக்கு அதுலதான் இருந்தேன்.

இல்லீங்க, ஆட்சேபம் இல்ல. சம்மதம். சம்மதம் போடலாம்னு போனேன்.

எழுதறத நிறுத்தீட்டீங்க. எழுதுங்க அம்மிணி, அது பெரிய கதையொண்ணும் இல்ல. ராஜஸ்தான், பீகார்னு போயி எவனெவன் காட்டுலயோ தண்ணி எடுத்துக் குடுத்தவன் நான். என்ற காட்டுல மூணு போரு போட்டேன், கடைசி ஆயிரத்து நூத்தி நாப்பது அடி. மூணுலயும் தண்ணி இல்ல, வந்தது மண்ணுப் பொகைதான். இந்த மொழங்காலு ரண்டும் இனி மம்புட்டி புடிக்க உடாது, காட்டக் குடுத்தாப் பணமாவது வரும். ஊருக்கு முன்னாடி நாற்காலியத் தூக்கும்போதெல்லாம், இது இவங்களுக்காகத் தூக்கறனா, இல்ல பழகிப் போச்சுன்னு தூக்கறனான்னு எனக்கே ஒரு சந்தேகம். எமகண்டம் முடியறதுக்கு ஊரே காத்துக்கிட்டு இருந்துது. நான் மாட்டுக்கொட்டாய்க்குப் பொறவால நின்னு, சம்மதம்கற கட்டத்துல டிக் அடிச்சு அமுத்துனேன். போகல. அமுத்துனேன், போகல. முத்தாயிக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா அந்தப் போனையே கெணத்துல போட்டிருப்பா.

சாட்சி இருக்குதுங்க. அந்த ஆன்லைன் அறிவிப்புல உதவிக்குன்னு ஒரு வாட்சப் நம்பர் போட்டிருந்தாங்க. சைட் சுத்திக்கிட்டே நிக்குது, சம்மதம் பதிவு பண்ண முடியல, என்ன பண்றதுங்கன்னு அந்தப் பக்கத்தப் போட்டோ எடுத்து அனுப்புனேன். இந்தாங்க, பாருங்க. ஒம்போது நாப்பத்தேழு. கீழ அவங்க பதில். காலை முதல் தொழில்நுட்பக் கோளாறு, சரிசெய்யப்பட்டு வருகிறது. ஒம்போது அம்பத்தெட்டு. அவங்களே எழுதுனது.

இத உங்ககிட்டக் குடுத்தா நர்மதா மேல கேசு நிக்குமுங்களா? நிக்காதுன்னுதான் நெனைக்கறீங்க. மேல கேட்டுத்தான் சொல்லோணும், செரி. பதிவு பண்ண வழியே இல்லாம இருந்துதுன்னு ஊருக்கு மறுக்கா ஒரு நாள் குடுப்பாங்களா? அது வக்கீலக் கேக்கோணும், ஆமா. எங்க அறுவத்திமூணு பேரு மேல முயற்சி பண்ணுனதுக்கு ஏதாவது பிரிவு இருந்தாப் போட்டுக்கங்க, வாரோம். அவ முயற்சி கூடப் பண்ணல.

இத்தன நாளு ஏன் சொல்லலைன்னு கேக்க மாட்டீங்களா? கேக்க மாட்டீங்க. நல்ல வளப்பு.

இதுக்குக் கையெழுத்து வேண்டாமா? அட. சாட்சி சொன்னதுக்குக் கையெழுத்து கெடையாதா? அப்ப எழுதுனத வாசிச்சாவது காட்டுங்க. போனும் நீங்களே வெச்சுக்கங்க. முத்தாயி தண்ணி காட்டீட்டு வந்து கதவோரமா நிக்கறா, நீங்க திரும்பிப் பாக்க வேண்டாம். மொதல்லருந்து வாசிங்க அம்மிணி. எனக்கு மட்டும் கேக்கறாப்புல வேண்டாம்.